சைடு வீல் வண்டியில் ஒரு டாக்கோமீட்டர்

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது என்று காட்டும், ஆர்பிஎம் மீட்டர் என்று பட்டறைகளில் சொல்லப்படும் டாக்கோமீட்டரை வேகப்பிரியர்களின் அலங்காரப் பொருளாகவே நம் ஊரில் பார்க்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1983-இல் வந்த ராஜ்தூத் 350-இலும் 1999-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇஸட்டிலும் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு வட்ட மீட்டர் இருந்தது. அவற்றை வாங்கியவர்கள் வேகத்துக்காக வாங்கினார்கள். தினமும் வேலைக்குப் போய்வரும் 100 சிசி வண்டிகளில் அந்த மீட்டர் பெரும்பாலும் இருந்ததில்லை. ஆகவே பின் சக்கரத்தின் இரு பக்கமும் துணைச் சக்கரம் வைத்த வண்டியோடு, வலது காலில் போலியோ பாதிப்புள்ள ஐம்பது வயதைக் கடந்த ஒருவன் உதிரிபாகக் கடையில் வந்து நின்று டாக்கோமீட்டர் கேட்டால், கடைக்காரருக்குக் குழப்பம் வருவது இயல்பே. "உங்க வண்டிக்கு எதுக்குங்கண்ணா இது?" என்று கேட்டார். அதில் கேலி துளியும் இல்லை. என் காசு வீணாகக் கூடாது என்ற அக்கறைதான் இருந்தது. அக்கறையோடு கேட்கப்பட்டதாலேயே அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதற்கு முழுமையான பதிலை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதன் விளைவு இந்தக் கட்டுரை.

என் வண்டி ஹீரோ ஸ்பிளெண்டர் ப்ரோ. கிக்கர் வலது பக்கம் இருப்பதால் செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டியாகத் தேடி வாங்கினேன். கியர் இடது காலில் இருப்பதால் அதில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. வலது காலால் மிதிக்க வேண்டிய பின் பிரேக்கைக் கையால் இழுக்கும்படி ஒரு லீவர் வைத்துக்கொடுத்தார்கள். சைடு வீல்களோடு சேர்த்து எண்ணினால் நான்கு சக்கரம் இருந்தாலும் இதை எல்லோரும் மூன்று சக்கர வண்டி என்றே சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவான வண்டியில் இஷ்டப்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்காகச் செய்யப்படும் மாற்றத்துக்கு அதே பிரிவு வழிவிடுகிறது. 2019-இல் வந்த திருத்தம் இத்தகைய வண்டிகளுக்குத் தனியாக ஒரு வரையறையையே சேர்த்தது. கால் முடியாதவனுக்குப் பிரேக்கைக் கைக்கு மாற்றலாம் என்பது சட்டத்துக்கும் புரிகிறது, பட்டறைக்கும் புரிகிறது. கண்ணுக்குத் தெரியாத குறைக்கு வண்டியில் என்ன மாற்ற வேண்டும் என்பதுதான் யாருக்கும் தோன்றுவதில்லை.

என் இரண்டாவது குறை காது. பள்ளிபாளையம் பக்கத்தில் தறிப்பட்டறைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை என்பதால் சிறுவயதிலேயே தார் சுற்ற, அதாவது துணியின் குறுக்கு நூலான ஊடையைக் குச்சியில் சுற்ற, அனுப்பப்பட்டேன். அந்த ஊடையை நாடா என்ற கட்டை குறுக்கே கொண்டுபோகும் நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் பட்டறையில், தறிகளுக்கு ஓரமாக, என் இளமையின் பெரும்பகுதி கழிந்தது. எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் எல்லை 90 டெசிபல். நாடா அடிக்கும் பட்டறையில் பக்கத்தில் நிற்பவரோடு பேசவே கத்த வேண்டியிருக்கும். இந்த வகைக் காதிழப்பு எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான கூர்மையான ஒலிகளைத்தான் தின்னத் தொடங்குகிறது. அதனால் எஞ்சினின் அடிநாதமான உறுமல் எனக்கு இன்றும் கேட்கிறது. டேப்பெட்டின் டிக் டிக், கேம் செயின் உரசல், சுமை தாங்காமல் எஞ்சின் எழுப்பும் மெல்லிய உலோகத் தட்டல் ஆகியவை கேட்பதில்லை. காதொலிக் கருவி போட்டுக்கொண்டு ஓட்டலாமே என்பார்கள். ஹெல்மெட்டுக்குள் புகும் காற்று அந்தக் கருவியில் பேரிரைச்சலாக மாறுகிறது. அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டே ஓட்டுகிறேன்.

காது போனாலும் உடல் உணருமே, அதிர்வை வைத்துத் தெரிந்துகொள்ளலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். சாதாரண வண்டியில் அது உண்மை. சைடு வீல் வண்டியிலோ இரும்புச் சட்டத்தின் அதிர்வு, துணைச் சக்கரங்கள் ஒவ்வொரு குழியிலும் தனித்தனியாக இறங்கி ஏறும் அதிர்வு, பின்னால் இருக்கும் நூல் மூட்டையின் ஆட்டம் எல்லாம் சேர்ந்து எஞ்சினின் அதிர்வை முழுதாக மறைத்துவிடுகின்றன.

சுமை சொல்லும் கணக்கு

கால் முடியாதவன், காது கேட்காதவன் என்ற இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் என் பதில் மாறாது. 97.2 சிசி எஞ்சினும் அதன் நான்கு கியர்களும் இரண்டு சக்கரத்தில் இரண்டு பேர் போவதற்காகக் கணக்கிடப்பட்டவை. அந்த எஞ்சின் தன் அதிக முறுக்குவிசையை ஏறத்தாழ 4,500 ஆர்பிஎம்மிலும், அதிக சக்தியை ஏறத்தாழ 7,500 ஆர்பிஎம்மிலும் தருகிறது. இதில் துணைச் சக்கரங்களின் எடையையும் உருளும் தடையையும் காற்றுத் தடையையும் சேர்த்து, பின்னால் ஊடை நூல் கோன் மூட்டைகளையும் ஏற்றினால், எந்த வேகத்தில் எந்தக் கியர் என்று கம்பெனி சொல்லிய கணக்கு பொருந்தாமல் போகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் போவது சாதாரண வண்டிக்குச் சுகமான ஓட்டம். அதே வேகத்தில் அதே கியரில் என் வண்டியின் எஞ்சின் இழுக்க முடியாமல் திணறுகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கியும் சுழற்சி ஏறாமல் கிடக்கும் எஞ்சினில், ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் கனெக்டிங் ராடின் பேரிங்கில் நேராக இறங்குகிறது. போதாததற்கு இது காற்றால் குளிரும் எஞ்சின். வேகம் குறைவாகவும் வெப்பம் அதிகமாகவும் இருக்கும் அந்த நிலையில்தான் அதற்குக் காற்றும் போதாமல் போகிறது.

எங்கள் தறிப்பட்டறையில் மின்சாரம் போனால் ஓட்டும் டீசல் ஜெனரேட்டரில் ஆர்பிஎம் மீட்டர் இருந்தது. 1,500-இல் நின்றால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அதிலிருந்து நகர்ந்தால் தறியின் ஓட்டமே மாறிவிடும். அந்த மீட்டரை அலங்காரம் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு வழிகாட்டியவர் பக்கத்து வீட்டு அண்ணன். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் லாரியை ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஓட்டிச் சென்று ஓய்வுபெற்றவர். என் வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "லாரியில மீட்டர்ல பச்சைப் பட்டை இருக்கும், பார்த்திருக்கறயா? அவ்வளவு பெரிய பாரத்தை நாங்க காதால கேட்டா ஓட்டறோம்? முள்ளு பச்சையில நிக்கற கியர்லதான் ஓட்டறோம்." சுமை வண்டிக்கு டாக்கோமீட்டர் அடிப்படைக் கருவி என்பதை அந்த ஒரு பேச்சு எனக்குத் தெளிவாக்கியது. என் வண்டியும் அளவில் சிறிய ஒரு சுமை வண்டிதான்.

வயரிங்

பழைய வண்டிகளின் டாக்கோமீட்டர் கேபிளால் ஓடியது. என் எஞ்சினில் கேபிள் மாட்ட இடமே கிடையாது என்பதால் மின்துடிப்பை எண்ணும் மீட்டர்தான் வழி. எண்ணாகக் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. நான் முள் உள்ளதையே எடுத்தேன். சாலையில் ஓட்டிக்கொண்டிருப்பவனுக்கு 4,230 என்ற எண்ணால் பயன் ஒன்றுமில்லை. முள் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதுதான் தேவை. கடைக்கண்ணால் பார்த்தாலே அது தெரிய வேண்டும்.

இணைக்க வேண்டியவை மூன்று மட்டுமே: எர்த், 12 வோல்ட், சிக்னல். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சை எர்த். கறுப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர். கறுப்பில் மஞ்சள் கோடு போட்டது, பொறி அடிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டியான சிடிஐயிலிருந்து, பொறிக்கான வோல்ட்டைக் கூட்டும் இக்னிஷன் காயிலுக்குப் போவது. ஹெட்லைட் வயரிலிருந்தே 12 வோல்ட்டை எடுத்துவிடலாம், அது பக்கத்தில்தானே இருக்கிறது என்று மெக்கானிக் தம்பி சொன்னார். இந்த வண்டியின் ஹெட்லைட், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து நேராக ஏசியில் எரிகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வெளிச்சம் கூடுவது அதனால்தான். அதில் மீட்டரை மாட்டினால் முள் நடுங்கும், நாளடைவில் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் போகும். எனவே கறுப்பு வயரிலிருந்து எடுத்து, நடுவில் 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம்.

சிக்னலைக் கறுப்பு மஞ்சள் வயரில் நேராகச் சேர்க்க நான் சம்மதிக்கவில்லை. சிடிஐ முறையில் காயிலுக்குள் போகும் துடிப்பு நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்டது. எல்லா மீட்டரும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டிருப்பதில்லை. பாதுகாப்பான வழி, சிக்னல் வயரை ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் தடித்த வயரின் மேல் சில சுற்று சுற்றிவிடுவது. செம்போடு செம்பு தொடாமலேயே ஒவ்வொரு பொறியும் அந்தச் சுற்றில் ஒரு சிறு துடிப்பைத் தூண்டும். மூன்று சுற்றில் முள் அசையவில்லை. ஐந்து சுற்றில் நிலையாக நின்றது. சுற்றுக்கு மேல் டேப், அதற்கு மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். மீதி வயரைப் பிளக் வயரிலிருந்து விலக்கி, டேங்குக்கு அடியில் ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்தோம். மீட்டரை ஹேண்டில்பாரின் நடு கிளாம்ப்பில், ரப்பர் புஷ் வைத்துப் பொருத்தினோம்.

ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டதும் முள் 2,800-இல் நின்றது. மெக்கானிக் தம்பி தலையை ஆட்டினார். "இல்லீங்கண்ணா, ஐடிலிங் இது 1,400தான் இருக்கும். சத்தமே சொல்லுதே." அவருக்குச் சத்தம் சொன்னது, எனக்குச் சொல்லவில்லை. இந்த வகை எஞ்சினுக்கு ஐடிலிங் 1,400 என்று எனக்கும் தெரியும். காரணமும் ஊகிக்கக்கூடியதே. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். எஞ்சினின் பாதி வேகத்தில் சுழலும் கேம், பொறிக்கான பாயின்ட்டைத் திறக்கும் பழைய புல்லட்டில் அப்படித்தான் வரும். என் வண்டியில் பொறி அடிக்கச் சொல்லும் பல்சர் காயில், எஞ்சினின் முதன்மை அச்சான க்ராங்கோடு சுழலும் மேக்னெட்டின் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி அடிக்கிறது. அவற்றில் ஒன்று எரிபொருளைக் கொளுத்த, மற்றது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் போகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று எண்ணும் மீட்டர் இதில் இரட்டிப்பாகத்தான் காட்டும். எத்தனை சுற்றுக்கு ஒரு பொறி என்று மாற்ற, மீட்டரின் பின்னால் இருந்த சிறிய சுவிட்சைத் தள்ளியதும் முள் 1,400-க்கு இறங்கியது.

அதோடு விட்டுவிடலாம் என்றார் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. இனிமேல் இந்த முள்தான் என் காது என்றால், அது சொல்வது சரிதானா என்பதை இன்னொருவர் காதை வைத்து நான் ஏற்றுக்கொள்ள முடியாது. கண்ணாலும் கையாலும் சரிபார்க்க ஒரு வழி வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைத் தூக்கினோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, மேக்னெட் கவரின் நடு மூடியைத் திறந்து, உள்ளே தெரியும் க்ராங்க் போல்ட்டை டி-ஸ்பேனரால் மெல்லச் சுற்றினேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோடு ஒரு முழு வட்டம் வந்து பழைய இடத்தில் நிற்க, ஸ்பேனர் ஏறத்தாழ 11 சுற்று எடுத்தது. பிறகு வண்டியை இறக்கி, நான் மேலே உட்கார்ந்துகொள்ள, டயர் ஒரு சுற்று உருளும் தூரத்தைத் தரையில் அளந்தோம். 1.85 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 667 மீட்டர். அதற்குச் சக்கரம் 360 சுற்று சுற்ற வேண்டும். அதை 11-ஆல் பெருக்கினால் 3,960. அதாவது டாப் கியரில் 40 போனால் முள் 4,000-ஐ ஒட்டி நிற்க வேண்டும். செல்போன் ஜிபிஎஸ்ஸில் வேகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நின்றது. 30-இல் 3,000-ஐ ஒட்டி நின்றது.

இந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் அந்த மீட்டர் எனக்கு முழுமையாகச் சொந்தமானது. கிளட்ச் லீவரை விட்ட நிலையில், கிளட்ச் நழுவாதவரை எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ளது பற்சக்கரமும் செயினும்தான். அந்த விகிதம் நூல் அளவும் பிசகாது. பிசகினால் பிடிப்பில் எங்கோ கோளாறு என்று பொருள். மீட்டரை மாட்டிய அன்று இதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

அண்ணன் சொன்னபடி 3,500 முதல் 5,500 வரை மீட்டர் கண்ணாடியின் விளிம்பில் பச்சை டேப் ஒட்டினேன். சுமையோடு போகும்போது முள் பச்சைக்குக் கீழே இறங்கினால் கியரைக் குறைக்கிறேன். காலி வண்டியாகச் சமதளத்தில் போகும்போது 3,000-த்திலும் ஓட்டலாம், தவறில்லை. ஓட்டும் முறை மாறியதும் எஞ்சின் சூடு குறைந்ததைக் கால் பக்கத்திலேயே உணர முடிந்தது.

மேட்டில் தெரிந்தது

வண்டி இழுவை குறைந்திருக்கிறது என்ற குறை மட்டும் அப்போதும் தீரவில்லை. இரண்டு பட்டறைகளில் காட்டியிருந்தேன். சைடு வீல் வைத்தால் இப்படித்தான் என்றார்கள் ஓரிடத்தில். போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்ய வேண்டும் என்றார்கள் இன்னோரிடத்தில். எஞ்சினைப் பிரிப்பது என்றால் பல ஆயிரம் ரூபாய் செலவு, பல நாள் வண்டியில்லாத வாழ்க்கை. இரண்டு கால் உள்ளவர்களுக்கு வண்டி பட்டறையில் நின்றால் அது தொந்தரவு. எனக்கு அது வீட்டுச் சிறை.

திருச்செங்கோடு சாலையில், மூட்டைகளோடு ஒரு நீண்ட, சாய்வு குறைந்த மேட்டில் டாப் கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். வேகம் 40. முள் 4,000-இல். மேடு தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். முள் 4,300, 4,500 என்று ஏறி 4,700-ஐத் தொட்டது. வேகம் 40-இலேயே நின்றது. கையைத் தளர்த்தினேன், முள் 4,000-க்கு இறங்கியது. மறுபடி முறுக்கினேன், மறுபடி 4,700. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டாப் கியரில் 40-க்கு 4,000-தான். பற்சக்கரம் பல் தாண்டாது, செயினும் தாண்டாது. அந்த எழுநூறு சுற்றும் தொலைந்த இடம் ஒன்றுதான் இருக்க முடியும். அது கிளட்ச்.

கிளட்ச் நழுவுவது டாப் கியரில், அதிக ஆக்சிலரேட்டரில்தான் முதலில் தெரியும். கீழ் கியர்களில் எஞ்சின் எளிதாக இழுத்துவிடுவதால், ஆரம்பக் கட்டத்தில் கிளட்ச் தாக்குப்பிடித்துவிடும். திருச்செங்கோட்டு மலைக்கோயில் பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறியபோது ஒன்றும் தெரியாமல் போனதும், இந்தச் சாதாரண மேட்டில் தெரிந்ததும் அதனால்தான். நல்ல காது உள்ளவருக்கு, வேகம் கூடாமல் சத்தம் மட்டும் எகிறுவது உடனே கேட்டிருக்கும். எனக்கும் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, எவ்வளவு காலமாக என்பதைச் சொல்ல வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிளட்ச் லீவரின் நுனியில் ஆட்டம் எவ்வளவு என்று பார்த்தேன். 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், இருந்தது. ஆகவே கேபிள் இறுக்கம் காரணமில்லை. மெக்கானிக் தம்பி ஆயிலை இறக்கி வலது பக்கக் கவரைக் கழற்றியபோது எழுந்த கருகிய வாடை என் மூக்குக்கே நன்றாகத் தெரிந்தது. வெளியே எடுத்த பிளேட்டுகளின் பிடிமானப் பரப்பு கறுத்து, கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருந்தது. விரலால் தடவிப் பார்த்த தம்பி, "இதுல எப்படீங்கண்ணா இவ்வளவு நாள் ஓட்டுனீங்க?" என்றார். பிளேட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றி, ஆயிலில் நனைந்தபடியே இயங்கும் ஈரக் கிளட்ச்சுக்கு உரிய பைக் ஆயிலை ஊற்றி மூடினோம். சிலிண்டரைத் தொடவே தேவைப்படவில்லை. அடுத்த முறை அதே மேட்டில் ஆக்சிலரேட்டரை முறுக்கியபோது முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறின.

ஊனமுற்றோருக்கான வண்டியில் செய்யப்படும் மாற்றம் என்றாலே சக்கரம், பிரேக், பிடிமானம் என்று உடலைத் தாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறோம். வண்டியின் நிலையை ஓட்டுபவருக்கு எப்படித் தெரிவிப்பது என்பதும் அந்த மாற்றத்தின் பகுதியாக இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். சுமையைக் கூட்டிவிட்டு, அந்தச் சுமையை எஞ்சின் எப்படித் தாங்குகிறது என்று காட்டும் கருவியைக் கொடுக்காமல் விடுவது அரைகுறை வேலை. 2020 ஏப்ரலில் வண்டிப் புகை மாசுக்கான பிஎஸ் 6 விதி வந்த பிறகு வரும் வண்டிகள் பெரும்பாலும் ஃபியூவல் இஞ்செக்‌ஷன் கொண்டவை. அவற்றின் கம்ப்யூட்டர் எஞ்சினின் சுழற்சியை ஒவ்வொரு கணமும் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த எண்ணை ஓட்டுபவரின் கண்முன் கொண்டுவருவதற்குப் பெரிய செலவு ஆகப்போவதில்லை.

அரசு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தன் வண்டிக்கும் ஒரு மீட்டர் மாட்டித்தரச் சொல்லியிருக்கிறார். கியரில்லாத ஸ்கூட்டரில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் பெல்ட்டின் நிலையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் என் 40-க்கு 4,000 கணக்கு அங்கே செல்லாது. ஆனால் பெல்ட் புதிதாக இருக்கும்போது சமதளத்தில் ஒரே சுமையோடு 30, 40, 50 வேகங்களில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டால், தேய்மானம் வரும்போது அதே வேகத்துக்கு அந்த எண் மாறுவதைக் கண்டுபிடித்துவிடலாம். போன மாதம்தான் பெல்ட் மாற்றியிருக்கிறார். மழை விட்டதும் முதலில் பிளக் வயர் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஸ்கூட்டரில் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைக் கழற்றினால்தான் அது கைக்கு எட்டும்.